தம்மை விட்டாச்சு, வாயில என்ன போடுறது? நிக்கோட்டின் இல்லாம மெல்றதைப் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன். சிகரெட்டோ வேப்போ (அதான், மின் சிகரெட்) விடணும்னு வர்றவங்கள்ல பாதிப் பேர் முதல்ல கேக்குறது "மெல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா"ன்னுதான். நிக்கோட்டின் கம்மை எடுத்து வெச்சா "இதுலயும் அதே நிக்கோட்டின்தானே, அது இல்லாததா குடுங்க"ம்பாங்க. அப்புறம் ஒவ்வொரு சந்தேகமா வரும், எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகம்தான். பின்னாடி வரிசை நிக்கிறப்ப கவுண்டர்ல முழுசா சொல்ல முடியுறதில்ல, அதனால எல்லாத்தையும் சேத்து இங்க எழுதியிருக்கேன். கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

நிக்கோட்டினே இல்லாம சும்மா எதையாவது மென்னா தம் நின்னுடுமா அண்ணே?

அதை மட்டும் நம்பி எல்லாருக்கும் நிக்காது, ஆனா நிறுத்துறப்ப ரொம்ப கை கொடுக்கும். தம் பழக்கத்துல ரெண்டு விஷயம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணு நிக்கோட்டின். ஒரு இழுப்பு இழுத்தா பத்து இருபது செகண்ட்ல மூளைக்குப் போயிடும், ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல பாதியா குறைஞ்சிடும், அதனாலதான் மறுபடி மறுபடி கேக்குது. இன்னொண்ணு கையும் வாயும் பழகிப்போனது. நாளுக்கு 10 சிகரெட், ஒண்ணுக்கு 10 இழுப்புன்னு வெச்சாலே 100 தடவை கை வாய்க்குப் போயிட்டு வருது, அதுவும் வருஷக்கணக்கா. மெல்ற பொருள் இந்த ரெண்டாவதைத்தான் பாத்துக்கும், முதலாவதை அதால ஒண்ணும் பண்ண முடியாது.

உங்க நிலைமை என்னன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கங்க: காலைல எந்திரிச்சு எவ்ளோ நேரத்துல முதல் தம்? அரை மணி நேரத்துக்குள்ளன்னா உடம்பு நிக்கோட்டினுக்கு நல்லா பழகியிருக்கு, ஏலக்காயை மட்டும் வெச்சு சமாளிக்கிறது கஷ்டம், கூடவே மருந்தும் வேணும். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, ஃப்ரெண்ட்ஸோட சாயங்காலம் ஒண்ணுன்னு இருக்கிறவங்களுக்கு மெல்றதே பெரும்பாலும் போதும்.

சரி, என்ன வாங்கணும்? நம்ம ஊர்ல கிடைக்கிறதா சொல்லுங்க

முதல்ல சர்க்கரை இல்லாத சூயிங்கம், மின்ட் ஃப்ளேவர். அடுத்து மளிகைக்கடையில ஏலக்காய், கிராம்பு, சோம்பு, சுக்கு. நாட்டு மருந்துக் கடையில நெல்லி வத்தல், அதாவது உப்புப் போட்டு காய வெச்ச பெரிய நெல்லிக்காய். காய்கறில கேரட்டையும் வெள்ளரிக்காயையும் விரல் நீளத்துக்கு குச்சி குச்சியா நறுக்கி டப்பால போட்டு ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போங்க. தை மாசம் பனங்கிழங்கு வரும், அவிச்சு நாரு நாரா உரிச்சு மெல்ல ரொம்ப நேரம் ஆகும், கைக்கும் வேலை வாய்க்கும் வேலை, தம்மை விடுறவங்களுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாதுன்னு நான் சொல்வேன்.

தோலோட இருக்கிற சூரியகாந்தி விதையும் நல்லதுதான், ஒவ்வொண்ணா உடைச்சு சாப்பிடணும்ல, உப்பு போடாததா வாங்குங்க. வேப்பங்குச்சி மெல்றவங்களும் இருக்காங்க, விரலுக்கு நடுவுல குச்சி இருக்கிறதே சிலருக்கு ஆறுதலா இருக்கு. மிட்டாய், சாக்லேட் மட்டும் வேண்டாம். தம் விட்ட முதல் வருஷத்துல சராசரியா 4, 5 கிலோ எடை ஏறும், அதுக்கு மேல மிட்டாயும் சேந்தா பல்லும் போகும்.

ஏலக்காய் போட்டேன், ரெண்டு நிமிஷத்துல தீந்துடுச்சு, திரும்ப தம் கேக்குது. என்ன பண்றது?

மொத்தமா கடிச்சு மென்னு முழுங்கினா அப்படித்தான் ஆகும். ஏலக்காயை முன்பல்லுல நீளவாக்குல லேசா கீறித் திறங்க. உள்ள மூணு அறையா கருப்பு விதை ஒட்டிக்கிட்டு இருக்கும், எல்லாம் சேந்து பதினஞ்சு இருபது வரும். நாக்கால ஒரு விதையை மட்டும் பிரிச்சு எடுத்து முன்பல்லுல வெச்சு உடைங்க, அந்தக் காரமும் குளிர்ச்சியும் மூக்கு வரைக்கும் ஏறும், அது அடங்குனப்புறம் அடுத்த விதை. தோலைக் கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கலாம். இப்படிப் போனா ஒரு ஏலக்காய் ஏழெட்டு நிமிஷம் வரும். தம் கேக்குற தவிப்பு ஒரு தடவை வந்தா பெரும்பாலும் அஞ்சு நிமிஷம், மிஞ்சிப்போனா பத்து நிமிஷம்தான் உச்சத்துல இருக்கும், அதைத் தாண்ட இது போதும்.

கிராம்பு வேற மாதிரி. மெல்லக் கூடாது, கடவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல வெச்சு ஒரு தடவை மட்டும் நசுக்கி விட்டுடுங்க, ஊறி ஊறி வரும். அதுல இருக்கிற யூஜெனால் வாயை மரத்துப் போக வைக்கும், அதனாலதான் பல் வலிக்கு வைக்கிறோம். நாளுக்கு ரெண்டு மூணுக்கு மேல வேண்டாம், ஒரே இடத்துல வெச்சா அந்த இடம் எரிஞ்சு புண்ணாகும். கிராம்பு எண்ணெயை வாயில விட்டுக்கிறது கூடவே கூடாது, நேரடியா பட்டா தோல் வெந்துடும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க கிராம்பை விட்டுட்டு ஏலக்காயோட நிறுத்திக்கங்க.

தொண்டையில அந்த எரிச்சல் இல்லாம எதை மென்னும் திருப்தி இல்லியே?

நீங்க சொல்றது நிஜம். பல பேருக்கு புகை தொண்டையில உரசுறதே பாதி சுகம், மூளை அந்த உரசலுக்கே பழகியிருக்கும். மிளகு வாசனை ஆவியை இழுக்க வெச்சு 1994லயே அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க, தம் கேக்குற தவிப்பு குறைஞ்சுது. நம்ம கைல சுக்கு இருக்கே. மொச்சைக்கொட்டை அளவு துண்டை வாயில ஒதுக்கி வெச்சு ஊற விடுங்க, கொஞ்ச நேரத்துல தொண்டையில இறங்கி காந்தும். இல்லைன்னா ஒரே ஒரு மிளகு, மெதுவா. அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு சுக்கும் மிளகும் வேண்டாம், நல்ல ஸ்ட்ராங் மின்ட் கம் போதும்.

டீ குடிச்ச உடனேதான் தாங்க முடியல. டீயையும் விடணுமா?

டீயை விட வேண்டாம், இடத்தை மாத்துங்க. டீக்கடை வாசல்ல கிளாஸோட நிக்கிறீங்க, பக்கத்துப் பெட்டிக்கடையில லைட்டர் கயித்துல தொங்குது, லூஸ்ல ஒண்ணு வாங்க சில்லறையும் கைல இருக்கு, கூட நிக்கிறவர் நீட்டுறாரு. அந்த இடத்துல நின்னுட்டு ஏலக்காய் மெல்றது ரொம்பக் கஷ்டம். முதல் ரெண்டு மூணு வாரம் டீயை கடைக்குள்ள உக்காந்து குடிங்க, இல்லாட்டி ஆபீஸ்லயே குடிங்க.

இன்னொண்ணு, மெல்ல வேண்டியதை டீ முடியுறதுக்கு முன்னாடியே கைல எடுத்து வெச்சுக்கணும். தவிப்பு வந்தப்புறம் பாக்கெட்டைத் துழாவுனா அதுக்குள்ள கால் பெட்டிக்கடைக்குப் போயிடும். சட்டைப் பாக்கெட்டுல சிகரெட் பாக்கெட் இருந்த அதே இடத்துல ஒரு சின்ன டப்பா வைங்க, கை தானா அங்கதான் போகும். கடைசி வாய் டீ குடிச்ச உடனே வாயைக் கொப்பளிச்சுட்டு ஒரு மின்ட் கம் போட்டுடுங்க. டீ ருசி வாயில இருக்கிற வரைக்கும் தம்மும் ஞாபகத்துல இருக்கும்.

எத்தனை நாளைக்கு இப்படி மென்னுக்கிட்டே இருக்கணும்?

முதல் மூணு நாள் உச்சம், அதுக்கப்புறம் இறங்கும், ரெண்டுல இருந்து நாலு வாரத்துல உடம்புத் தவிப்பு பெரும்பாலும் அடங்கிடும். அதனால முதல் வாரம் கணக்கே பாக்காதீங்க, கேக்குறப்ப எல்லாம் மெல்லுங்க. ஒரு மாசத்துக்கு அப்புறம் டீ நேரம், சாப்பாட்டு நேரம், பைக் ஓட்டி இறங்குற நேரம்னு உங்களுக்குத் தெரிஞ்ச நேரத்துக்கு மட்டும் போதும். கல்யாண வீடு, துக்க வீடு, பழைய ஃப்ரெண்ட்ஸ் சேர்ற இடம்னா ஆறு மாசம் ஆனாலும் டப்பாவை எடுத்துட்டுப் போங்க. அங்கதான் நிறைய பேர் மறுபடி ஆரம்பிக்கிறாங்க.

மெடிக்கல்ல தர்ற நிக்கோட்டின் கம்முக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அது ஆபத்துன்னு சொல்றாங்களே?

அது மருந்து, இது துணை. நிக்கோட்டின் கம், தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச் மாதிரி மருந்துகள் நிறுத்துற வாய்ப்பை 50ல இருந்து 60 சதவீதம் வரை கூட்டுதுன்னு நூத்துக்கும் மேல ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்துப் பாத்து உறுதி பண்ணியிருக்காங்க, உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல 2009ல இருந்தே இருக்கு. சும்மா மெல்ற பொருளுக்கு அந்த மாதிரி பலமான நிரூபணம் கிடையாது, தவிப்பையும் எரிச்சலையும் அந்த நேரத்துக்குக் குறைக்கும்னு சின்னச் சின்ன ஆராய்ச்சிகள்ல வந்திருக்கு, அவ்வளவுதான். சிகரெட் புகையில கேன்சர் வர வைக்கிறது முக்கியமா தார்ங்கிற பிசுபிசுப்பான கழிவும் மத்த ரசாயனமும்தான், சுத்தமான நிக்கோட்டினை மருந்தா அளவா எடுக்கிறது தம் அடிக்கிறதைவிட எவ்வளவோ மேல். "அதே நிக்கோட்டின்தானே"ன்னு பயந்து மருந்தை ஒதுக்கிட்டு மறுபடி தம்முக்கே போறவங்களைப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

2 மில்லிகிராம் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேணும். சூயிங்கம் மாதிரி தொடர்ந்து மெல்லக் கூடாது, சுருக்குன்னு காரம் வர்ற வரைக்கும் மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கிடணும், அடங்குனதும் மறுபடி ரெண்டு மெல்லு, இப்படி அரை மணி நேரம். வாயில புளிப்பு இருந்தா நிக்கோட்டின் சரியா ஏறாது, அதனால நெல்லி வத்தல், ஜூஸ், காபி எல்லாத்துக்கும் 15 நிமிஷம் இடைவெளி விட்டுட்டுத்தான் நிக்கோட்டின் கம். ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுக்கலாம், ஒரே நேரத்துல வேண்டாம்.

பாக்கு போட்டுக்கலாமா? அதுல புகையிலை இல்லையே

வேண்டாம். இதுக்கு மட்டும் நான் கொஞ்சம் கூட விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏன்னா நம்ம ஊர்ல தம்மை விட்டவங்க விழுற பெரிய குழி இதுதான். கொட்டைப்பாக்கு, சீவல், கலர் கலரா தொங்குற வாசனைப் பாக்கு, பான் மசாலா எல்லாத்துலயும் இருக்கிறது ஒரே பாக்குதான். புகையிலை கலக்காத வெறும் பாக்கே கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004ல முதல் பிரிவுல சேத்துடுச்சு. புகையிலை இருக்கிற அதே பிரிவு அது.

பாக்குல இருக்கிற அரெகோலினுக்கு தனியாவே அடிமைப்படுத்துற குணம் உண்டு, அதனால ஒண்ணை விட்டு இன்னொண்ணுல மாட்டிப்பீங்க. தொடர்ந்து போட்டா வாயோட உள்தோல் வெளுத்து நார் நாரா இறுகிடும், முதல்ல காரம் பட்டா எரியும், அப்புறம் வாய் திறக்குறதே குறையும். சோத்து உருண்டை வாய்க்குள்ள போகாத நிலைமையில கல்லூரிப் பசங்க வந்து மவுத் ஜெல் கேப்பாங்க, நான் ஜெல் குடுக்க மாட்டேன், பல் டாக்டர்கிட்ட அனுப்புவேன். இறுகுன தோல் முழுசா பழைய நிலைமைக்குத் திரும்பாது, கேன்சராவும் மாறலாம். தினம் பாக்கு போடுறவங்க உங்க கை மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா செங்குத்தா வெச்சு வாய்க்குள்ள விட்டுப் பாருங்க, போகலைன்னா உடனே காட்டுங்க.

வெத்தலை மட்டும் போட்டா?

பாக்கும் புகையிலையும் இல்லாத வெறும் வெத்தலை, அதுல சோம்போ ஏலக்காயோ வெச்சு மடிச்சா தப்பில்ல. சுண்ணாம்பு வேண்டாம், வாயை அரிக்கும். ஆனா உங்களுக்கு முன்னாடி வெத்தலை பாக்கு பழக்கம் இருந்துச்சுன்னா வெத்தலை கைக்கு வந்ததும் பாக்கைத் தேடும், அவங்க இந்தப் பக்கமே போக வேண்டாம்.

"டொபாக்கோ ஃப்ரீ"ன்னு போட்டு ஆன்லைன்ல சின்னப் பவுச் வருது, அது ஓகேவா?

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. புகையிலை இலை இல்லைன்னுதான் முன்னாடி போட்டிருக்கும், பின்னாடி 3 மில்லிகிராம், 6 மில்லிகிராம்னு நிக்கோட்டின் அளவு இருக்கும். உதட்டுக்குள்ள வைக்கிற வெள்ளைப் பவுச் பெரும்பாலும் அந்த வகைதான். நிக்கோட்டின் இல்லாம விடணும்னு நினைக்கிறவங்களுக்கு அது ஆகாது, டாக்டர் சொல்ற அளவுன்னு ஒண்ணும் அதுக்கு கிடையாது. கூல் லிப்னு பள்ளிக்கூடப் பசங்க உதட்டுல வைக்கிறாங்களே, அது இன்னும் மோசம், அது நேரடியாவே புகையிலை. தமிழ்நாட்டுல 2013ல இருந்தே இந்த வகைக்கெல்லாம் தடை உத்தரவு போட்டுட்டு வர்றாங்க, அப்படியும் கிடைக்குதுங்கிறதுதான் வருத்தம்.

மூலிகைப் பாக்கு, மூலிகை குட்கான்னு விக்கிறதுல என்ன கலந்திருக்குன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. எழுதலைன்னா வாங்காதீங்க.

மூலிகை சிகரெட், ஜீரோ நிக்கோட்டின் வேப் எல்லாம் இருக்கே, மெல்றதுக்கு பதிலா அது?

துளசியைக் கொளுத்தினாலும் புகைதான், தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். வேப்புக்கு இந்தியாவுல 2019லயே முழுத் தடை, நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாட்டாலும் அந்தக் கருவி சட்டத்துல அடங்கும், வித்து மாட்டினா முதல் தடவையே ஒரு வருஷம் வரை ஜெயில் இல்லாட்டி 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். அதனால உள்ள என்ன ஊத்தியிருக்காங்கன்னு கேக்க ஆளே கிடையாது. ஜீரோன்னு போட்டிருக்கிறதை எதை வெச்சு நம்புறது?

நான் வேப் தான் அடிச்சேன், சிகரெட் இல்ல. எனக்கும் இதே முறையா?

அடிப்படை அதேதான், ஒரு வித்தியாசம் இருக்கு. சிகரெட்டுக்கு ஆரம்பம் முடிவு இருக்கு, வேப்புக்கு இல்ல. மேஜைல, படுக்கைல, பாத்ரூம்லன்னு நாள் முழுக்க குட்டிக் குட்டியா இழுத்திருப்பீங்க, எவ்ளோ நிக்கோட்டின் போச்சுன்னு உங்களுக்கே தெரியாது. அதனால டீ நேரத்துக்கு மட்டும் மெல்றது உங்களுக்குப் பத்தாது. முதல் பத்து நாள் கம்மும் கேரட் குச்சியும் எப்பவும் கையெட்டுற தூரத்துல இருக்கட்டும். ஃப்ளேவரைப் பொறுத்தவரை நீங்க அடிச்ச அதே மாம்பழமோ புளூபெர்ரியோ வேண்டாம், அந்த ருசி வந்ததும் வேப்பைத் தேடும். மின்ட்டும் அடிச்சிருந்தீங்கன்னா சோம்பு, ஏலக்காய் பக்கம் வந்துடுங்க.

ஹான்ஸ் போடுறவங்களுக்கு இது உதவுமா?

ஹான்ஸ்ங்கிறது உதட்டுக்குள்ள ஒதுக்கி வைக்கிற புகையிலை. சொல்லப்போனா தம் அடிக்கிறவங்களைவிட இவங்களுக்குத்தான் மெல்ற பொருள் ரொம்ப முக்கியம், ஏன்னா உதட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கணும்னு வாய் பழகியிருக்கு. நெல்லி வத்தலை சின்னத் துண்டா கிள்ளி அதே இடத்துல ஒதுக்கிக்கங்க, ஊறிக்கிட்டே இருக்கும், அப்புறம் தண்ணி குடிச்சா இனிக்கும். ஆனா உதட்டுல, ஈறுல புண்ணு இருந்தா உப்பும் புளிப்பும் எரிக்கும், அப்ப சோம்புதான். நிக்கோட்டின் அளவு ஹான்ஸ்ல அதிகம், நாள் முழுக்க போட்டவங்க மருந்து இல்லாம தவிச்சுப் போவாங்க, டாக்டரைப் பாத்துட்டே விடுங்க. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

எனக்கு சுகர், பிபி ரெண்டும் இருக்கு. எதைத் தவிர்க்கணும்?

பிபிக்கு முதல் எதிரி அதிமதுரம். தொண்டைக்கு நல்லதுன்னு நாட்டு மருந்துக் கடையில குச்சியா குடுப்பாங்க, இனிப்பா இருக்கும், தம் விடுறவங்க நிறைய பேர் அதை மெல்றாங்க. அதுல இருக்கிற கிளைசிரைசின் தினமும் உள்ள போனா உப்பும் தண்ணியும் உடம்புலயே தங்கி பிபி ஏறும், பொட்டாசியம் குறையும். இதய நோய், கிட்னிப் பிரச்சனை உள்ளவங்களும் நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுறவங்களும் தொடக் கூடாது. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் அதிமதுரம் வேண்டாம், அவங்களுக்கு கேரட், வெள்ளரி, ஒண்ணு ரெண்டு ஏலக்காய் போதும், தம்மை விடுற விஷயத்தை செக்கப்புக்குப் போறப்ப டாக்டர்கிட்ட தயங்காம சொல்லிடுங்கம்மா.

நெல்லி வத்தல்ல உப்பு இருக்கு, பிபிக்காரங்க கழுவிட்டு ஒரு துண்டோட நிறுத்துங்க. சுகருக்கு இஞ்சி மரப்பா, தேன் நெல்லி ரெண்டும் ஆகாது, பேரு மருந்து மாதிரி இருந்தாலும் உள்ள முழுக்க சர்க்கரை.

சூயிங்கம் மென்னு மென்னு தாடை வலிக்குது, வயிறும் உப்புசமா இருக்கு

ரெண்டுக்கும் கம்மே காரணமா இருக்கலாம். சர்க்கரைக்குப் பதிலா போடுற சார்பிட்டால், சைலிட்டால் எல்லாம் குடல்ல முழுசா உறிஞ்சப்படாது, சார்பிட்டால் ஒரு நாளைக்கு 20 கிராம் பக்கம் போனா வயித்தால போகும், சிலருக்கு அதுல பாதிக்கே வயிறு ஊதும். ருசி போனதும் துப்பிடுங்க, ஒரு பக்கமாவே மெல்லாதீங்க, கம்முக்கும் ஏலக்காய்க்கும் மாத்தி மாத்தி போங்க. வீட்டுல நாய் வளக்குறவங்க கம் பாக்கெட்டை கீழ போட்டுடாதீங்க, சைலிட்டால் நாய்க்கு விஷம்.

தம்மை விட்டதுல இருந்து வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும். கிராம்பால சூடு புடிச்சிருச்சா?

கிராம்பு ஒரே இடத்துல பட்டு எரிஞ்சிருந்தா அந்த இடத்துல மட்டும் இருக்கும், மேல சொன்ன மாதிரி. ஆனா தம்மை விட்ட முதல் ரெண்டு வாரத்துல வாய்ப்புண்ணு வர்றது பல பேருக்கு நடக்குறதுதான், எதையுமே மெல்லாதவங்களுக்கும் வரும், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள போயிடும். மலச்சிக்கலும் அப்படித்தான், நிக்கோட்டின் குடலை நகர்த்திக்கிட்டு இருந்துச்சு, அது போனதும் குடல் மந்தமாகுது. தண்ணி, கேரட், கொய்யா. இந்த ரெண்டையும் காரணமா வெச்சு "தம் எனக்கு ஒத்துக்குது, விட்டாத்தான் நோய் வருது"ன்னு மறுபடி பத்த வெச்சிடாதீங்க, இதெல்லாம் தற்காலிகம்.

இப்பெல்லாம் காபி குடிச்சா படபடன்னு வருது, இதுவும் தம் விட்டதாலயா?

ஆமா. சிகரெட் புகையில இருக்கிற தார் வகை ரசாயனங்க கல்லீரல்ல ஒரு என்சைமைத் தூண்டி விட்டு காஃபினை வேகமா கரைக்க வைக்கும். தம் நின்ன ஒரு வாரத்துல அந்த வேகம் குறைஞ்சிடும், அதே ரெண்டு டம்ளர் காபி உங்க ரத்தத்துல முன்னைவிட ரொம்ப நேரம் நிக்கும். படபடப்பு, தூக்கமின்மைன்னு வர்றதை தம் கேக்குற தவிப்புன்னு தப்பா எடுத்துக்கிறவங்க நிறைய. காபியைப் பாதியாக்குங்க. காபிக்கொட்டை மெல்றதையும் விட்டுடுங்க. வேப் மட்டும் அடிச்சவங்களுக்கு இது வராது, ஏன்னா வேலையைச் செஞ்சது நிக்கோட்டின் இல்ல, புகை.

இதே காரணத்தால க்ளோசபின், ஒலன்சபின் மாதிரி மனநல மாத்திரையோ, மூச்சுத் திணறலுக்கு தியோஃபிலினோ சாப்பிடுறவங்க தம்மை விடுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லியாகணும், மருந்து அளவைக் குறைக்க வேண்டி வரலாம். மெல்ற பொருளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா இதை யாரும் சொல்றதில்லன்னுதான் இங்க எழுதுறேன்.

வீட்டுக்காரருக்குத் தெரியாம சாப்பாட்டுல எதாவது கலந்து குடுத்தா விட்டுடுவாராண்ணா?

வேண்டாம்மா. அப்படி விக்கிற பொடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அவர் வேற மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா ஆபத்து. தெரியாம குடுத்து யாரையும் நிறுத்த வைக்க முடியாது, விடணும்னு அவருக்குத் தோணணும். நீங்க பண்ணக்கூடியது, கேரட் நறுக்கி டப்பால போட்டு வைக்கலாம், ஏலக்காய் டப்பா காலியானா ரொப்பி வைக்கலாம், முதல் வாரம் அவர் எரிஞ்சு விழுந்தா அது நிக்கோட்டின் இறங்குறதால வர்றதுன்னு புரிஞ்சுக்கலாம். இதெல்லாம் சின்னதாத் தெரியும், ஆனா வீட்டுல ஒருத்தர் கூட நின்னவங்கதான் தாக்குப்புடிச்சு வர்றதை நான் பாக்குறேன்.

எல்லாம் மென்னேன், நேத்து ஒண்ணு அடிச்சுட்டேன். போச்சா?

போகல. மீதி இருக்கிற பாக்கெட்டை இப்பவே தூக்கிப் போடுங்க, அது எந்த நேரம், யார் கூட, அப்ப டப்பா கைல இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் டப்பா வீட்டுல இருந்திருக்கும். அப்படின்னா ஒண்ணு வண்டில, ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு சட்டையிலன்னு மூணா வைங்க. டப்பா கைல இருந்தும் அடிச்சீங்கன்னா நிக்கோட்டின்தான் இழுக்குதுன்னு அர்த்தம், மேல சொன்ன மருந்துப் பக்கம் வாங்க, கம் ஒத்துவரலைன்னா பூப்ரோப்பியான், வாரனிக்லின்னு மாத்திரைகளும் இருக்கு, டாக்டர் சீட்டோட.

டாக்டர்னா எந்த டாக்டர்? யார்கிட்ட போய் கேக்குறது, வெக்கமா இருக்கு

சிகரெட் பாக்கெட்டுலயே ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், 1800-11-2356, மத்திய அரசோட இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம், முகம் காட்ட வேண்டியதில்ல. நேர்ல போகணும்னா உங்க மாவட்ட அரசு ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில புகையிலை நிறுத்த ஆலோசனை எங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் மனநலப் பிரிவுல பாப்பாங்க, சீட்டு வாங்குற இடத்துலயே சொல்லிடுவாங்க. சென்னைல இருக்கிறவங்களுக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல 2002ல இருந்தே இதுக்குன்னு தனி மையம் இருக்கு. போறப்ப நாளுக்கு எத்தனை, எந்திரிச்சு எவ்ளோ நேரத்துல முதல் தம், இதுவரைக்கும் எதை மென்னு பாத்தீங்க, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, இது நாலையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க. அவங்க முதல்ல கேக்கப் போறது அதுதான்.